ஷிபொலெத் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள், அது எங்கிருந்து வந்தது?

கேட்டவரின் குழப்பம் இது: ஓர் ஆங்கிலக் கட்டுரையில் "பொருளாதாரத்தின் பழைய ஷிபொலெத்கள்" என்று படித்திருக்கிறார். அகராதியைப் புரட்டினால் ஓர் இடத்தில் "சங்கேதச் சொல்" என்று இருக்கிறது, இன்னோர் இடத்தில் "ஒரு கூட்டத்தாரை அடையாளம் காட்டும் பேச்சு அல்லது பழக்கம்", மூன்றாவதாக "தேய்ந்துபோன முழக்கம்". இதில் எதை எடுத்துக்கொள்வது?

மூன்றும் புழக்கத்தில் உள்ளவைதான். ஆனால் அந்த முதல் பொருள் அரைகுறையானது, அதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். சங்கேதச் சொல் என்பது ரகசியமாக இருக்கும் வரைதான் வேலை செய்யும், எதிரியின் காதில் விழுந்துவிட்டால் அதோடு சரி. ஷிபொலெத் அப்படிப்பட்டது இல்லை. அதில் ரகசியமே கிடையாது. கேட்பவனே சொல்லைச் சொல்லிக்கொடுத்து, "எங்கே, இதைத் திருப்பிச் சொல்லு" என்பான். விடை கண்ணெதிரே இருக்கும், ஆனாலும் வாயில் வராது. தெரிந்த விடையைச் சொல்ல முடியாமல் மாட்டிக்கொள்ளும் தேர்வு அது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றப் பொருள்கள் எப்படி வந்தன என்பது தானாகப் புரியும்.

சொல் எபிரேய மொழியுடையது. பொருள் என்னவோ மிகச் சாதுவானது: தானியக் கதிர். பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தில் எகிப்து மன்னன் பார்வோன் கனவில் ஏழு செழுமையான கதிர்களும் ஏழு சாவியான கதிர்களும் வருமே, அங்கே இருப்பதும் இதே சொல்லின் பன்மைதான். வெள்ளம், நீரோட்டம் என்ற பொருளிலும் அது பைபிளில் வருகிறது, 69ஆம் சங்கீதத்தில் ஆளை மூழ்கடிக்கும் வெள்ளத்துக்கு இதே சொல். கீழே வரும் கதை ஆற்றங்கரையில் நடப்பதால் அங்கே சொல்லச் சொன்னது நீரோட்டம் என்ற பொருளில்தான் என்று சில அறிஞர்கள் சொல்வதுண்டு. எப்படி இருந்தாலும், கேட்டவர்களுக்குப் பொருளில் அக்கறை இல்லை, சொல்லின் முதல் எழுத்துதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

கதை பைபிளின் நியாயாதிபதிகள் என்ற நூலில், 12ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. யோர்தான் ஆற்றுக்குக் கிழக்கே கீலேயாத் நாட்டார், அவர்களின் தலைவன் யெப்தா. மேற்கே எப்பிராயீம் கோத்திரத்தார். இருவருமே இஸ்ரவேலர், ஒரே மொழி பேசுபவர்கள், ஒரே கடவுளைக் கும்பிடுபவர்கள். யெப்தா அம்மோனியரோடு போரிட்டு ஜெயித்துவிட்டு வருகிறான், அப்போது எப்பிராயீமர் திரண்டு வந்து "எங்களைக் கூப்பிடாமல் நீ மட்டும் எப்படிப் போருக்குப் போனாய், உன்னையும் உன் வீட்டையும் கொளுத்திவிடுவோம்" என்று வம்புக்கு நிற்கிறார்கள். அவனோ கூப்பிட்டேன், நீங்கள் வரவில்லை என்கிறான். சண்டை மூள்கிறது, எப்பிராயீமர் தோற்று ஓடுகிறார்கள். ஓடி எங்கே போவது? ஆற்றைக் கடந்துதான் ஊர் திரும்ப வேண்டும். கீலேயாத்தார் முந்திக்கொண்டு போய் ஆற்றில் இறங்கிக் கடக்கக்கூடிய துறைகளைப் பிடித்துக்கொண்டார்கள்.

இனிமேல்தான் சிக்கல். தப்பி வருபவனும் அவனைப் பிடிப்பவனும் பார்க்க ஒரே மாதிரி இருக்கிறார்கள். "நீ எப்பிராயீமனா?" என்று கேட்டால் எவன்தான் ஆமாம் என்பான்? அதனால் ஷிபொலெத் என்று சொல்லச் சொன்னார்கள். எப்பிராயீமன் வாயில் அது ஸிபொலெத் என்று வந்தது. வந்தவுடன் அங்கேயே வெட்டிவிட்டார்கள். அந்தச் சமயத்தில் 42,000 எப்பிராயீமர் மடிந்ததாக வசனம் சொல்கிறது. எண்ணை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, ஆனால் உள்நாட்டுச் சண்டையில் ஒரே மொழி பேசுகிறவர்களின் வட்டார உச்சரிப்பு உயிர் குடித்தது என்பதற்கு இதைவிடப் பழைய பதிவு ஒன்றைக் காட்டுவது கடினம்.

அந்த ஒலி வேறுபாடு சரியாக என்ன என்பதில் மொழியியலாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. எப்பிராயீம் வழக்கில் "ஷ" ஒலியே இல்லை என்பது எளிய விளக்கம். இல்லை, கீலேயாத்தார் சொன்னதே ஆங்கிலத்தில் "மூன்று" என்ற எண்ணின் தொடக்கத்தில் நாக்கைப் பல்லுக்கு வெளியே நீட்டிச் சொல்கிறோமே அந்த மாதிரி ஒலி, அதுதான் மற்றவர்களுக்கு வரவில்லை, எழுதி வைத்தவர்களிடம் அதற்குத் தனி எழுத்து இல்லாததால் "ஷ" என்று எழுதினார்கள் என்பது இன்னொரு கட்சி.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது, மொழிபெயர்ப்பாளர்கள் பட்ட பாடு. எபிரேயத்தில் முதல் சொல்லை ஷின் என்ற எழுத்தாலும் இரண்டாவதை ஸாமெக் என்ற எழுத்தாலும் எழுதினார்கள், வேலை முடிந்தது. கிரேக்கத்தில் என்ன செய்வது? அந்த மொழியில் "ஷ" ஒலியும் இல்லை, எழுத்தும் இல்லை. பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பின் ஒரு கைப்பிரதி "சங்கேதச் சொல்லைச் சொல்லு" என்று பொதுப்படையாகப் போட்டுவிட்டுத் தப்பிக்கிறது. இன்னொன்று "கதிர் என்று சொல்லு" என்று பொருளை மொழிபெயர்த்து வைத்திருக்கிறது, அதனால் எப்பிராயீமன் ஏன் செத்தான் என்பதே படிப்பவனுக்குப் புரியாது. அதாவது யோர்தான் கரையில் நின்றிருந்தால் அந்த மொழிபெயர்ப்பாளர்களும் மாட்டியிருப்பார்கள். தமிழ் பைபிளுக்கு இந்தத் தொல்லை இல்லை, கிரந்த எழுத்து கைகொடுத்தது: ஷிபோலேத், சிபோலேத் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிவிட்டார்கள்.

சரி, விடை தெரிந்தும் ஏன் வாயில் வராது? இதற்குக் காரணம் பிறந்த முதல் வருடத்திலேயே முடிவாகிவிடுகிறது. 1984இல் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளிடம் இந்தியில் வரும் "ட", "த" வேறுபாட்டைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆங்கிலத்துக்கு இந்த வேறுபாடு தேவையில்லை, அதன் "ட" நமக்கு இரண்டுக்கும் நடுவில் கேட்பது போல இருக்கும். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை இரண்டையும் பிரித்துக் கேட்டன. பத்து, பன்னிரண்டு மாதம் ஆனதும் அந்தத் திறன் பெரும்பாலும் போய்விட்டிருந்தது. தன்னைச் சுற்றிப் பேசப்படும் மொழிக்கு எந்த வேறுபாடு வேண்டுமோ அதைக் கூர்மையாக்கிக்கொண்டு, வேண்டாததைக் காது கழித்துவிடுகிறது. அதனால் வளர்ந்தபின் நாக்கு மட்டும் தடுமாறுவதில்லை, காதுக்கே தவறு தெரிவதில்லை. எப்பிராயீமன் தான் சரியாகத்தான் சொன்னோம் என்று நினைத்துக்கொண்டே செத்திருக்கலாம். பயிற்சி எடுத்தால் பெரியவர்களும் ஓரளவு கற்றுக்கொள்ளலாம்தான், ஆனால் கழுத்தில் கத்தி இருக்கும்போது ஒரே ஒரு வாய்ப்பில் அதைச் சரியாகச் சொல்வது வேறு விஷயம்.

வரலாற்றில் இந்த உத்தி திரும்பத் திரும்ப வருகிறது. 1282இல் சிசிலித் தீவில் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராகப் பலெர்மோவில் கலகம் வெடித்தபோது கொண்டைக்கடலைக்கு அவ்வூர்ச் சொல்லான "சிச்சிரி"யைச் சொல்லச் சொல்லிப் பிரெஞ்சுக்காரர்களைப் பிடித்தார்கள் என்பது மரபுக்கதை. 1302இல் இன்றைய பெல்ஜியத்திலுள்ள புரூஜ் நகரத்தில் ஃப்ளெமிஷ் மக்கள் பிரெஞ்சுப் படையினரைத் தாக்கிய விடியற்காலையில் "ஸ்கில்ட் என் வ்ரீன்ட்" என்ற தொடரைக் கேட்டார்களாம், "கேடயமும் நண்பனும்" என்று பொருள். 1381இல் லண்டனில் விவசாயிகள் கிளர்ச்சியின்போது அதே ஃப்ளெமிஷ்காரர்கள் மாட்டிக்கொண்டார்கள்: ரொட்டி, பாலாடைக்கட்டி என்பதற்கான ஆங்கிலச் சொற்களைத் தங்கள் மொழி வாடையில் சொன்னவர்கள் தலை போனதாக ஒரு நகரக் குறிப்பு சொல்கிறது. இவற்றில் பலவும் பிற்காலத்தில் மெருகேறிய கதைகளாக இருக்கலாம். ஊர் ஊராக இதே கதை உணவுப் பொருளின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு வருவதைப் பார்த்தால் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனால் உணவுப் பெயர் வருவதற்கு ஒரு நியாயமும் இருக்கிறது, வீட்டில் தினமும் புழங்கும் சொல்லில்தான் உள்ளூர் ஒலி அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். லெபனான் உள்நாட்டுப் போரில் லெபனானியர் யார், பாலஸ்தீனர் யார் என்று பிரிக்கத் தக்காளியைக் காட்டிப் பெயர் கேட்டார்கள். லெபனானியர் "பனடூரா" என்பார்கள், பாலஸ்தீனர் நடு உயிரெழுத்தை விழுங்கி "பண்டோரா" என்பார்கள். உக்ரைனில் 2022இல் பிரபலமானதும் ஒரு வட்ட ரொட்டியின் பெயர்தான், "பல்யனிட்ஸ்யா". ரஷ்ய மொழிக்காரர்களுக்கு அதன் கடைசி அசை பிடிபடாது.

இரண்டு சம்பவங்களை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இவை மரபுக்கதைகள் இல்லை.

1923 செப்டம்பர் 1, ஜப்பானின் கான்டோ பகுதியில் பெரும் நிலநடுக்கம். தோக்கியோவும் யோக்கோஹாமாவும் எரிந்துகொண்டிருக்கும்போதே, கொரியர்கள் கிணறுகளில் விஷம் கலக்கிறார்கள், தீ வைக்கிறார்கள் என்று வதந்தி பரவியது. தெருவுக்குத் தெரு மக்கள் கம்பும் வாளுமாகக் காவல் குழு அமைத்து வழிமறித்தார்கள். நிறுத்தியவரிடம் "பதினைந்து யென் ஐம்பது சென்" என்று ஜப்பானிய மொழியில் சொல்லச் சொன்னார்கள். அந்தத் தொடர் "ஜூ" என்று தொடங்கும். கொரிய மொழியில் சொல்லின் முதலில் அப்படி அதிர்ந்து வரும் மெய்யொலி இல்லை, அதனால் "சூ" என்று வந்துவிடும். பணத்தொகையைச் சொல்லத் தெரியாதவர் யாரும் இல்லை, அதுதான் இதிலுள்ள வஞ்சம். ஆயிரக்கணக்கில் கொரியர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களோடு சீனர்களும், பேச்சு வித்தியாசமாக இருந்த ஜப்பானியர்களும் செத்தார்கள். செப்டம்பர் 6 அன்று சிபா மாகாணத்தின் ஃபுக்குடா கிராமத்தில், தொலைவிலுள்ள ககாவாவிலிருந்து வந்திருந்த மருந்து வியாபாரிகளின் வட்டார வழக்கு அந்த ஊர்க்காரர்களுக்குப் பிடிபடவில்லை. அவர்கள் ஜப்பானியர்கள்தான். ஆனாலும் குழந்தைகள் உட்பட 9 பேரைக் கொன்றுவிட்டார்கள்.

மற்றொன்று 1937 அக்டோபர். டொமினிகன் குடியரசின் சர்வாதிகாரி ட்ரூஹியோ, எல்லையோரம் வாழ்ந்த ஹைட்டி வம்சாவளியினரைக் கொன்று தள்ள உத்தரவிட்டான். ராணுவத்தினர் ஒரு பார்ஸ்லித் தழையைக் காட்டி இதன் பெயர் என்ன என்று கேட்டார்களாம். ஸ்பானிய மொழியில் "பெரெஹில்". நடுவில் நாக்கைத் தட்டிச் சொல்லும் "ர", அதையடுத்துத் தொண்டையிலிருந்து வரும் "ஹ". ஹைட்டியின் கிரியோல் மொழி பேசி வளர்ந்தவருக்கு இந்த "ர" சிரமம். இதனாலேயே அதற்குப் பார்ஸ்லிப் படுகொலை என்று பெயர் வந்தது. இறந்தவர் எண்ணிக்கை சில ஆயிரங்களிலிருந்து 20,000க்கு மேல் வரை ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஹைட்டிக்கு 7,50,000 டாலர் இழப்பீடு என்று பேசி, பிறகு அதையும் 5,25,000 ஆகக் குறைத்துக்கொண்டார்கள். ஆனால் ஒரு விஷயம்: எல்லைப்புறத்தில் பலர் அங்கேயே பிறந்து வளர்ந்து இரண்டு மொழியும் சரளமாகப் பேசியவர்கள். அவர்களை எந்தத் தழையைக் காட்டியும் பிரிக்க முடியாது. கொல்வது என்று முன்பே முடிவெடுத்தவர்களுக்கு அந்தச் சோதனை ஒரு சாக்குதான் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வது எனக்குச் சரியாகத்தான் படுகிறது. ஃபுக்குடா கிராமத்தையும் சேர்த்து யோசித்தால், ஷிபொலெத் துல்லியமான கருவி என்ற எண்ணமே ஆட்டம் கண்டுவிடும். அது எதிரியைப் பிடிப்பதில்லை, வேறு மாதிரிப் பேசுபவனைப் பிடிக்கிறது.

சண்டைக்களத்தில் காவலுக்கு நிற்பவன் பயன்படுத்தியபோது ஓரளவு நாணயமாக இருந்தது என்று சொல்லலாம். இரண்டாம் உலகப்போரில் டச்சுக்காரர்கள் ஜெர்மானியரைக் கண்டுபிடிக்க ஸ்கேவெனிங்கென் என்ற கடற்கரை ஊரின் பெயரைக் கேட்டார்கள். டச்சில் "ஸ" தனியாக, தொண்டையை உரசும் "க்ஹ" தனியாக. ஜெர்மானியர் அந்த எழுத்துக்கூட்டைப் பார்த்தாலே "ஷே" என்று ஆரம்பித்துவிடுவார். நார்மண்டி தரையிறக்கத்தில் நேச நாட்டுப் படைகள் "ஃப்ளாஷ்" என்ற அறைகூவலுக்கு "தண்டர்" என்று பதில் வைத்ததற்கும், அந்தச் சொல்லின் முதல் ஒலி ஜெர்மானிய நாக்குக்கு வராது என்பதையே காரணமாகச் சொல்வார்கள். அது ஒரே நேரத்தில் சங்கேதச் சொல்லும் ஷிபொலெத்தும்.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் பைபிள் மொழிபெயர்ப்பு வழியாக வந்தது. 17ஆம் நூற்றாண்டில் அது கதையிலிருந்து கழன்று பொதுச்சொல்லாக உலவத் தொடங்கிவிட்டது. முதலில் உச்சரிப்புச் சோதனை, அப்புறம் ஒருவரின் கூட்டத்தைக் காட்டிக்கொடுக்கும் எந்தப் பழக்கமும். வட அயர்லாந்தில் ஆங்கில எழுத்து வரிசையின் எட்டாவது எழுத்தை "எய்ச்" என்றால் புராட்டஸ்டண்ட், "ஹெய்ச்" என்றால் கத்தோலிக்கர் என்று கணக்குப் போடுவார்கள். 1954இல் ஆலன் ராஸ் என்ற மொழியியலாளர் பிரிட்டிஷ் மேல்தட்டு மக்களைக் காட்டிக்கொடுக்கும் சொற்களைத் தொகுத்தார். கைதுடைக்கும் துணியை "நாப்கின்" என்றால் மேல்தட்டு, நாகரிகமாகப் பேசுவதாக நினைத்து "செர்வியெட்" என்றால் அந்தக் கூட்டத்தில் சேர்த்தி இல்லை. கணிதம் படித்தவர்கள் நடுவில் "ஆய்லர்" என்ற பெயரை எழுத்துக்கூட்டி "யூலர்" என்று சொல்லிப் பாருங்கள், பேச்சு ஒரு நொடி நிற்கும்.

இதற்கு அடுத்த கட்டம்தான் கேட்டவர் படித்த கட்டுரையில் இருப்பது. ஒரு கட்சியிலோ துறையிலோ சேர்ந்தவன் நான் என்று காட்ட எல்லோரும் ஒப்பிக்கும் வாசகம், அதாவது உண்மையா என்று யாரும் யோசிக்காமல் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கொள்கை. அந்தத் தொடரைத் தமிழில் எழுதினால் "பொருளாதாரத்தின் பழைய வாய்ப்பாடுகள்" என்பது பொருந்தும். பொருள் இங்கே தலைகீழாகிவிட்டதைக் கவனியுங்கள். ஆற்றங்கரையில் அதைப் போலியாகச் சொல்ல முடியாது, அதுவே அதன் பலம். கட்சி வாசகத்தையோ எவன் வேண்டுமானாலும் மனப்பாடம் செய்து சொல்லிவிடலாம். இந்தப் பொருளில் சொல் எப்போதும் ஏளனமாகவே வரும். தன் கொள்கையை யாரும் ஷிபொலெத் என்று சொல்லிக்கொள்வதில்லை, எதிர்க்கட்சியின் கொள்கைக்குத்தான் அந்தப் பெயர்.

பழைய பொருளும் செத்துவிடவில்லை. அடைக்கலம் கேட்டு வருபவர் தான் சொல்லும் நாட்டுக்காரர்தானா என்று அவருடைய பேச்சைப் பதிவு செய்து ஆராயும் வழக்கம் 1990களில் ஐரோப்பிய நாடுகளில் பரவியது. பிரிக்கும் கருவி இப்போது ஒலிப்பதிவு, கூடவே ஓர் அறிக்கை. எல்லைகளும் மொழிகளும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை, அகதி முகாம்களில் பல ஆண்டு கழித்தவர் பேச்சு கலந்துபோயிருக்கும், இதையெல்லாம் தகுதியுள்ள மொழியியலாளர்தான் செய்ய வேண்டும் என்று 2004இல் மொழியியலாளர்கள் சேர்ந்து வழிகாட்டு நெறிகளை வெளியிட்டார்கள்.

பல்கலைக்கழக மாணவர்கள் இந்தப் பெயரை வேறோர் இடத்தில் பார்த்திருப்பார்கள். ஆய்விதழ்களைப் படிக்கத் தங்கள் கல்லூரிக் கணக்கைக்கொண்டே உள்நுழைய உதவும் மென்பொருள் ஒன்றுக்கு ஷிபொலெத் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், இன்டர்நெட்2 கூட்டமைப்பில் தொடங்கிய திட்டம் அது. உள்ளே விடுவதா வேண்டாமா என்று வாசலில் நின்று கேட்பதால் பெயர் பொருத்தம்தான். ஆனால் அதில் தட்டச்சு செய்வது வெறும் கடவுச்சொல், நான் மேலே சொன்ன வேறுபாட்டின்படி பார்த்தால் ஷிபொலெத் இல்லை.

கடைசியாக உச்சரிப்பு. ஆங்கிலத்தில் அழுத்தம் முதல் அசையில், "ஷி" உரத்து வரும். நடு அசை கிட்டத்தட்ட "ப", "பொ" என்று வாயைக் குவிக்க வேண்டாம். முடிவில் நாக்கு பல்லுக்கு வெளியே வந்து காற்று உரச வேண்டும். இன்றைய எபிரேயத்தில் அந்த உரசல் கிடையாது, "ட்" போல முடியும், பழைய பொருளும் அப்படியே இருக்கிறது. ஓட்ஸுக்கு அங்கே பெயரே "ஷிபோலெட் ஷுஆல்" தான், சொல்லுக்குச் சொல் பார்த்தால் நரிக்கதிர்.